கிழட்டுச் சுண்டெலி யாருடைய சொத்து?

வயோதிபத்தில் வருகிற நோய்களுக்கு மருந்து தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதை இளவட்டச் சுண்டெலிகளில்தான் தேடுகிறார்கள். பகிடி இல்லை. பாரிசவாதம், ஞாபகமறதி, எலும்புத் தேய்வு என்று ஏதாவது ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை எடுத்து நேரே அதன் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். "8 முதல் 12 வார வயதுடைய ஆண் சுண்டெலிகள்" என்ற வரி அங்கே இருக்க நிறையச் சந்தர்ப்பம் உண்டு. சில கட்டுரைகளில் அந்த விபரம்கூட இருக்காது. "வளர்ந்த எலிகள்" என்று போட்டுவிட்டுக் கடந்து போயிருப்பார்கள்.

8 வார எலி குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் அதன் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உலகத்து ஆய்வுகூடங்களில் அதிகம் பாவிக்கப்படுவது சி57 பிளாக் 6 என்கிற கறுப்புச் சுண்டெலி. அதில் 3 முதல் 6 மாத எலியை 20 முதல் 30 வயது மனிதரோடு ஒப்பிடுவார்கள். 18 முதல் 24 மாத எலி என்றால் 56 முதல் 69 வயது மனிதர். அப்ப 8 வாரம்? ஏ.எல். எழுதுகிற வயசு எண்டு வையுங்கோவன். ஏ.எல். பெடியனில் பாரிசவாத மருந்தைச் சோதித்துவிட்டு அவனுடைய அப்பப்பாவுக்கு எழுதிக் கொடுப்பதுதான் இந்த ஏற்பாடு.

கலைப்பீடத்தில் இருந்துகொண்டு எலியைப் பற்றி எழுத உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். விஞ்ஞானபீட நண்பர் ஒருவரிடம் இதைக் கதைத்தபோதும் அதே கேள்விதான் வந்தது. "மச்சான், அது வெறும் சப்ளைப் பிரச்சினை. கிழட்டு எலி கிடைக்கிறேல்ல, அவ்வளவுதான். இதுக்குள்ள அரசியலைக் கொண்டு வராத." நான் இதை எழுதுவது இந்தப் பதிலுக்காகத்தான். ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை, யாருக்குக் கிடைக்கிறது, கிடைக்காதவர் அதற்குப் பதிலாக என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும்தான் எங்கட பீடத்தில் முதலாம் வருடத்தில் இருந்தே அரிசிக்கும் காணிக்கும் கேட்கப் பழக்குகிறார்கள். எலிக்குக் கேட்டால் மட்டும் என்ன குறை?

முதலில், ஏன் கிடைக்கவில்லை. ஓர் ஆய்வுகூடத்தில் அனேகமாக எல்லாவற்றையும் காசு கொடுத்து விரைவுபடுத்தலாம். நுணுக்குக்காட்டி வாங்கலாம், இரசாயனத்தை விமானத்தில் வரவழைக்கலாம், மரபணுவை வெட்டி ஒட்டலாம். 24 மாத எலியை மட்டும் அவசரப்படுத்த முடியாது. அது வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அதை 24 மாதம் வளர்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தீனும் தண்ணீரும் பார்க்க வேண்டும், கூடு மாற்ற வேண்டும், கிருமி உள்ளே வராமல் காவல் காக்க வேண்டும், வெப்பநிலை மாறாமல் இருக்க மின்சாரம் செலவழிக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் எலிக்கூட்டுக்கு ஆய்வாளரிடம் நாள் வாடகை அறவிடுகிறார்கள். இரண்டு வருடம் என்றால் 730 நாள் வாடகை. அதுவும் ஒரு கூட்டுக்கு.

அத்தோடு எலி சாகும். கறுப்புச் சுண்டெலியின் இடைநிலை ஆயுள் 26 முதல் 30 மாதம். அதாவது 28 மாத எலி 50 வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 100 குட்டியோடு தொடங்க வேண்டும். கட்டிகள் வரும். இந்த வகைக்கென்றே ஒரு தோல்வருத்தம் இருக்கிறது, வயது போகப் போகச் சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகிவிடும். அந்த எலிகளைக் கருணைக்கொலை செய்வார்கள். ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். கூட்டாளி செத்த பிறகு தனித்துப்போன ஆண் எலியைக் கொண்டுபோய் இன்னொரு கூட்டில் விடவும் முடியாது, சண்டை தொடங்கிவிடும். முதுமை வரை கொண்டுவந்து சேர்ப்பது என்பது நிறைய இழப்பைத் தாங்கிக்கொண்டு செய்கிற வேலை.

இனி ஆய்வாளரின் பக்கத்துக்கு வாருங்கள். கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று அல்லது நாலு வருட நிதி. பேராசிரியருக்கு நாலைந்து வருட மானியம். அதில் இரண்டு வருடத்தை எலி கிழடாகும்வரை காத்திருப்பதில் கழித்தால் கட்டுரை எப்ப எழுதுவது, அடுத்த மானியத்துக்கு எதைக் காட்டுவது? ஆகவே அவர் 8 வார எலிக்கு ஓடர் கொடுக்கிறார். அடுத்த கிழமை பெட்டியில் வந்து இறங்கும். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று வருடத்துக்குள் அறுவடை செய்யச் சொல்லிக் காணியைக் கொடுத்துவிட்டு, ஏன் பனை நடவில்லை என்று கேட்க முடியாது.

அப்படியானால் ஏற்கனவே கிழடாக்கி வைத்திருப்பவரிடம் வாங்கலாம்தானே? வாங்கலாம். இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது, யாருக்குக் கிடைக்கிறது என்று.

அமெரிக்காவில் முதுமைக்கான தேசிய நிறுவகம் 1974இல் உருவாக்கப்பட்டது. அது அரச காசில் வயதான எலிகளின் கூட்டமொன்றை வைத்திருக்கிறது. நல்ல விடயம். ஆனால் முன்னுரிமை முதுமை பற்றி ஆராய்கிறோம் என்று நிதி பெற்றவர்களுக்கு. சிறுநீரகத்தையோ காயம் ஆறுவதையோ தடுப்பூசியையோ ஆராய்கிறவர் வரிசையில் பின்னுக்கு. ஆனால் சிறுநீரகம் பழுதாகிறவரும் காயம் ஆறாதவரும் தடுப்பூசி வேலை செய்யாதவரும் வயோதிபர்கள்தான். முதுமையை ஒரு தனிப் பாடமாக வேலி போட்டு ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாப் பாடங்களையும் இளமையில் படிக்கிற முறை இது. இந்த அரச எலிகளையும் பல ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் வளர்த்துக் கொடுத்தது சார்ள்ஸ் ரிவர் என்கிற கம்பனி. 1947இல் பொஸ்டனில் ஹென்றி ஃபொஸ்டர் என்ற மிருகவைத்தியர் தொடங்கியது, இன்று நியூயோர்க் பங்குச்சந்தையில் இருக்கிறது. மறுபக்கம் மேய்ன் மாநிலத்தில் 1929இல் தொடங்கிய ஜக்சன் ஆய்வுகூடம். அது இலாபநோக்கற்றது, ஆனாலும் எலி விற்கும். வயதான எலியும் விற்கும். வயது கூடக் கூட விலையும் கூடும். காத்திருந்த நாட்களுக்கு விலை போட்டால் வேறு எப்படி இருக்கும்?

இந்த விலையைக் கட்ட முடியாதவர்கள் கைவைக்கிற இன்னொரு வகை எலி இருக்கிறது. வியாபாரிகளின் பட்டியலில் அதற்குப் பெயர் "ஓய்வுபெற்ற இனப்பெருக்கிகள்". விற்பனைக்குக் குட்டி போட வைத்திருந்த எலிகள். குட்டிகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கினதும், எட்டொன்பது மாத அளவில், மலிவு விலையில் தள்ளிவிடுவார்கள். சில ஆய்வாளர்கள் இவற்றை வாங்கி "வயதான எலிகள்" என்று பாவிக்கிறார்கள். எட்டு மாத எலி கிழடு இல்லை. அடுத்தடுத்துப் பேறு பார்த்துக் களைத்த தாய். அதன் உடம்பில் இருப்பது முதுமையா, பிரசவங்களின் தேய்மானமா என்று எப்படிப் பிரிப்பது? பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணைக் கிழவி என்று எழுதிவைக்கிற பழக்கம் எங்கட ஊர்களில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். விலைப்பட்டியலிலும் இருக்கிறது.

இது ஒரு சிலேடை மட்டும் இல்லை. 2011இல் வெளியான ஒரு மீளாய்வு, நரம்பியல் துறையில் ஆண் விலங்குகளை மட்டும் பாவித்த ஆய்வுகள் பெண் விலங்குகளை மட்டும் பாவித்தவற்றைவிட 5.5 மடங்கு என்று கணக்குக் காட்டியது. பெண் எலிக்கு மாதவிடாய்ச் சக்கரம் போன்ற ஓமோன் சுழற்சி இருக்கிறதாம், தரவு குழம்புமாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2016இல்தான் பாலினத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லி மானியக்காரர்களை நெருக்கின. வயதின் பக்கம் அந்த நெருக்குதல் இன்னும் வரவில்லை. இளம் ஆண் உடம்பு என்பது "சாதாரண" உடம்பு, மிச்சம் எல்லாம் குழப்பம். இந்த வாக்கியத்தை நாங்கள் வேறு எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறோம்!

மூன்றாவது கேள்வி, கிழட்டு எலி இல்லாதவர் என்ன செய்கிறார்? நோயை அவசரப்படுத்துகிறார். அல்சைமருக்கு இப்படித்தான் நடந்தது. சாதாரணச் சுண்டெலிக்கு அல்சைமர் வராது. ஆகவே மனிதரில் குடும்ப வழியாக வரும் அரிய வகை அல்சைமரின் ஐந்து மரபணு மாற்றங்களை ஒரே எலிக்குள் சேர்த்து ஓர் இனத்தை 2006இல் அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு 2 மாதத்திலேயே மூளையில் புரதப்படிவு தொடங்கிவிடும். மனிதரில் அந்த மரபணு மாற்றங்களோடு நோய் வருபவர்கள் மிகச் சிறு பங்கினர். பெரும்பாலானோருக்கு நோய் வருவது வயது போனதால். வயதைக் கழித்துவிட்டு நோயை மட்டும் செய்துகொண்டார்கள். அந்த எலிகளைக் குணப்படுத்திய எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் வந்து தோற்றுப்போயின. எலியின் வயது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அல்சைமர் அவ்வளவு சுலபமான நோய் இல்லை. ஆனால் எழுபது வயதுகாரரின் நோயைக் குட்டி எலியில் செய்து வைத்துக்கொண்டு, பிறகு "ஏன் பலிக்கவில்லை" என்று ஆச்சரியப்படுவதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

பாரிசவாதத்தின் கதை இன்னும் மோசம். 2006இல் வந்த ஒரு மீளாய்வின் தலைப்பிலேயே எண்ணிக்கை இருக்கிறது: 1,026 பரிசோதனைச் சிகிச்சைகள். எலியிலும் வேறு விலங்கிலும் மற்றும் கண்ணாடிக் குழாயிலும் முயன்று பார்த்தவை அத்தனை. அந்தக் காலத்தில் மூளையில் குருதிக்கட்டி அடைத்து வருகிற பாரிசவாதத்துக்கு மனிதரில் உறுதியாக நின்ற மருந்து என்று சொல்லக்கூடியதாக இருந்தது, கட்டியைக் கரைக்கும் ஒன்றுதான். 2009இல் துறைசார்ந்தவர்களே தங்கள் வழிகாட்டலைத் திருத்தி, இளம் ஆரோக்கியமான ஆண் விலங்கில் பார்த்ததோடு நிறுத்த வேண்டாம், பெண் விலங்கிலும் வயதான விலங்கிலும் பிரஷர், நீரிழிவு உள்ள விலங்கிலும் பாருங்கள் என்று எழுதினார்கள். ஆயிரத்துச் சொச்சம் முயற்சிக்குப் பிறகு! வழிகாட்டல் எழுதுவது இலவசம். எலி இலவசம் இல்லை.

கிழட்டு எலி கையில் இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 2003இன் சார்ஸ் நோய் வயோதிபர்களைத்தான் அதிகம் கொன்றது. இளம் வெள்ளைச் சுண்டெலிக்கு அந்த வைரசைக் கொடுத்தால், வைரஸ் பெருகும், எலிக்கோ ஒன்றும் நடக்காது. 2005இல் ஒரு குழு 12 முதல் 14 மாத எலிகளுக்கு அதே வைரசைக் கொடுத்தது. அவை மெலிந்தன, நியுமோனியா வந்தது. வைரஸ் ஒன்று, எலி இனமும் ஒன்று. வயது மட்டும்தான் வேறு. இளம் எலியை மட்டும் பார்த்திருந்தால் "ஆபத்தில்லை" என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொரு கதை. இதில் விதி விளையாடியிருக்கிறது. 1964இல் ஒரு கனேடியக் குழு ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் எடுத்துவந்தது. தீவின் மக்கள் அதை ராப்பா நூயி என்று அழைக்கிறார்கள். அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து பிரித்தெடுத்த மருந்துதான் ராப்பாமைசின். தீவின் பெயர்தான் மருந்தின் பெயர். சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கிற மருந்தாகப் பெரிய சந்தை பிடித்தது. தீவு மக்களுக்கு அந்தப் பெயரைத் தவிர என்ன கிடைத்தது என்பது வேறு கட்டுரை. எலிக்கு வருவோம். ஆயுளை நீட்டுமா என்று பார்க்க அமெரிக்காவில் மூன்று இடங்களில் ஒரேசமயத்தில் ஒரு சோதனையை ஒழுங்கு செய்தார்கள். எலிகள் இளமையில் இருக்கும்போதே தொடங்குவதுதான் திட்டம். ஆனால் மருந்து தீனுக்குள் நிலைத்து நிற்கவில்லை. அதைச் சரிக்கட்டும்வரை எலிகள் கூட்டுக்குள் இருந்து வயசுக்குப் போய்விட்டன. கடைசியில் 600 நாள் வயதில், ஏறத்தாழ 20 மாதத்தில்தான் தொடங்க முடிந்தது. 2009இல் முடிவு வந்தது: கூட்டத்தில் 90 வீதம் செத்து முடிகிற வயது பெண் எலிகளில் 14 வீதமும் ஆண் எலிகளில் 9 வீதமும் பின்னுக்குப் போயிருந்தது. முதுமையில் தொடங்கினாலும் ஒரு மருந்து வேலை செய்யும் என்று உலகத்துக்குத் தெரியவந்தது தாமதத்தால். திட்டமிட்டபடி எல்லாம் நடந்திருந்தால் அந்தக் கேள்வியை அந்தச் சோதனை கேட்டிருக்காது.

இப்போது அந்த விஞ்ஞானபீட நண்பரின் "அரசியலைக் கொண்டு வராதே" என்பதற்கு வருகிறேன். அரசியல் ஏற்கனவே அங்கே குந்தியிருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு கிழட்டு எலியையும் இளம் எலியையும் தைத்து ஒரே குருதியோட்டத்தில் விட்டுப் பார்த்து, கிழட்டு எலியின் தசை நன்றாக ஆறுவதை 2005இல் காட்டியது. நல்ல அடிப்படை ஆய்வு. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அம்புரோசியா என்றொரு கலிபோர்னியக் கம்பனி 16 முதல் 25 வயதுக்காரரின் குருதித் திரவவிழையத்தை லீற்றர் 8,000 டொலருக்கு வயதான பணக்காரர்களுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டது. 2019 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதில் நிரூபிக்கப்பட்ட பலன் இல்லை, ஆபத்து உண்டு என்று எச்சரித்த பிறகுதான் நிறுத்தினார்கள். 2022 ஜனவரியில் ஆல்டோஸ் லாப்ஸ் என்ற கம்பனி 300 கோடி டொலரோடு இறங்கியது, கலங்களை மீள இளமையாக்கப் போகிறோம் என்று. இவர்களுக்கு எலி ஒரு தட்டுப்பாடா? இரண்டு வருட எலி எவ்வளவு விலை என்றாலும் வாங்கலாம், இல்லாவிட்டால் சொந்தமாகவே வளர்க்கலாம். காசு உள்ளவர் கேட்கிற கேள்வி "நான் 120 வயது வரை இருப்பேனா?" காசு இல்லாத ஆய்வாளர் கேட்க நினைத்த கேள்வி "75 வயது ஆச்சியின் புண் ஏன் ஆறுதில்லை?" இரண்டு பேருக்கும் தேவை அதே எலி. யாருக்குக் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 வீதம். அதன் பிறகு இன்னும் கூடியிருக்கிறது. கிளினிக் நாளில் அரச ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையைப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், இவர்கள் கொப்பியும் குளிசைப் பையுமாக வாங்கில். அந்தப் பைக்குள் இருக்கிற குளிசைகளுக்கான கேள்விகளை நாங்கள் கேட்கவில்லை; வேறெங்கோ, யாரோ, தங்கள் கையில் கிடைத்த எலியைக் கொண்டு கேட்டார்கள். எங்களுடைய ஆய்வுகூடங்கள் இரண்டு வருடம் எலி வளர்க்கும் நிலையில் இல்லை. மின்வெட்டு நேரத்தில் குளிரூட்டி ஓடினாலே பெரிய காரியம்.

எலி உரிமைக்காரர்கள் என் கழுத்தைப் பிடிக்க முன் சொல்லிவிடுகிறேன். கூடுதலான எலியைக் கூடுதலான காலம் அடைத்து வை என்று கேட்பது கொடுமை இல்லையா? கொடுமைதான். மூட்டு இறுகிய கிழட்டு எலி ஒரு சப்பாத்துப் பெட்டி அளவு கூட்டுக்குள் நாளைக் கழிப்பதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் பலிக்காத விடைக்காக இளம் எலிகளைத் தொடர்ந்து கொல்வதை அதைவிட மேலானது என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவில் எத்தனை எலி கொல்லப்படுகிறது என்ற கணக்கே இல்லை. அங்குள்ள விலங்கு நலச் சட்டம், ஆய்வுக்காக வளர்க்கப்படும் சுண்டெலியையும் எலியையும் பறவையையும் "விலங்கு" என்ற வரைவிலக்கணத்தில் இருந்து 2002இல் வெளியே எடுத்துவிட்டது. சட்டப்படி அது விலங்கில்லை. அப்ப என்ன, மரக்கறியா?

எனக்குக் கோபம் வருவது தட்டுப்பாட்டைப் பார்த்து இல்லை, அதன் பக்கத்திலேயே நடக்கிற வீணடிப்பைப் பார்த்து. ஓர் ஆய்வாளர் தன் கிழட்டு எலியின் மூளையை மட்டும் எடுத்துவிட்டு ஈரல், இதயம், எலும்பு, தோல் எல்லாவற்றையும் எரிக்கக் கொடுப்பார். அதே ஊரில் இன்னொருவர் கிழட்டு ஈரல் கிடைக்காமல் 10 வார எலியோடு சமாளிப்பார். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. 2020 மார்ச்சில் கொவிட் முடக்கம் வந்தபோது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பராமரிக்க ஆளில்லாமல் ஆயிரக்கணக்கான எலிகளைக் கொல்லச் சொல்லின. வயோதிபரைக் கொல்கிற ஒரு நோய் ஊரெல்லாம் பரவத் தொடங்கிய அதே மாதத்தில்! இளம் எலிகளை சில மாதத்தில் மீளப் பெருக்கலாம். கிழட்டு எலிக் கூட்டமொன்று போனால் போன இரண்டு வருடம் போனதுதான்.

இதற்கு ஆகாயத்தில் இருந்து தீர்வு இறங்க வேண்டியதில்லை, மாதிரிகள் ஏற்கனவே இருக்கின்றன. முன்னே சொன்ன முதுமைக்கான நிறுவகம் வயதான எலிகளின் இழையங்களைச் சேமித்துக் கொடுக்கிற ஒரு வங்கியையும் வைத்திருக்கிறது. பிரித்தானியாவில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து வெல்கம் அறக்கட்டளையின் நிதியில் ஷார்ம் என்ற இலாபநோக்கற்ற ஏற்பாடு ஒன்று 2012 அளவில் தொடங்கியது. செய்வது மிக எளிமையான வேலை: யாரிடம் எந்த வயது எலி இருக்கிறது, எப்போது கொல்லப்போகிறார்கள் என்று சொல்லிவைப்பது, கொல்லும்போது மிஞ்சும் உறுப்புகளைத் தேவையானவருக்கு அனுப்புவது. ஓர் எலி பத்து ஆய்வுக்கு உதவும். விலங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று ரஸ்ஸலும் பேர்ச்சும் 1959இல் எழுதினதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. நூலகத்துக்கு நாங்கள் செய்வது இதைத்தான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிரதி வாங்கி வாசித்துவிட்டு எரிப்பதில்லை.

இது ஏன் விதியாகவில்லை? பொதுப் பணத்தில் வளர்ந்த வயதான எலி எதுவும், அதன் மிச்ச இழையங்களைப் பகிராமல் எரிக்கப்படக் கூடாது என்று மானியம் கொடுக்கிறவர் ஒரு நிபந்தனை போட்டால் போதும். முதுமை நோயை ஆராய்கிறேன் என்று காசு கேட்டால், எலி வளரும் காலத்தையும் சேர்த்து ஆறேழு வருடத்துக்குக் கொடுக்க வேண்டும். சஞ்சிகைகள் எலியின் வயதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே, மாதக் கணக்கில், போடச் சொல்ல வேண்டும். "வளர்ந்த" என்ற சொல்லை ஏற்கக் கூடாது. இந்தக் கடைசி வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை, நாளைக்கே செய்யலாம். செய்யாமல் இருப்பதற்குக் காரணம், செய்தால் தலைப்புகள் சின்னதாகிவிடும் என்பதுதான்: "ஞாபகமறதிக்கு மருந்து" என்பது "2 மாத எலியின் ஞாபகமறதிக்கு மருந்து" ஆகிவிடும்.

சொந்தம் யாருக்கு என்று தலைப்பில் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கறுப்புச் சுண்டெலி எங்கிருந்து வந்தது தெரியுமா? மாசசூசெற்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற ஊரில் அபி லாத்ரொப் என்ற முன்னாள் பள்ளிக்கூட ரீச்சர் வைத்திருந்த பண்ணையில் இருந்து. செல்லப்பிராணிக்கென்று வளர்க்கத் தொடங்கி, ஆய்வாளர்கள் வாங்க வாங்க ஆயிரக்கணக்கில் பெருக்கினார். தன் எலிகளில் வருகிற கட்டிகளைக் கவனித்துக் குறித்து வைத்தார், ஒரு நோயியல் அறிஞரோடு சேர்ந்து கட்டுரைகளும் எழுதினார். 1918இல் இறந்துபோனார். 1921இல் கிளாரன்ஸ் குக் லிற்றில், அவருடைய பண்ணை வழிவந்த 57ஆம் இலக்கப் பெண் எலியில் இருந்து இந்த இனத்தை உருவாக்கினார். சி57 என்பதில் உள்ள 57 அதுதான். லிற்றில் ஜக்சன் ஆய்வுகூடத்தை நிறுவியவர் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறார். இனமேம்பாட்டு இயக்கத்தில் முன்னணியில் நின்றவரும் 1954இல் இருந்து புகையிலைக் கம்பனிகளின் ஆய்வுக்குழுவுக்கு விஞ்ஞானப் பணிப்பாளராக இருந்தவரும் இதே ஆள்தான். லாத்ரொப் அடிக்குறிப்பில் இருக்கிறார். இன்றைக்கு ஒரு 24 மாத எலியின் கூட்டை எழுநூற்றுச் சொச்சம் நாள் பார்த்து, தீன் வைத்து, இது சொறியத் தொடங்கிவிட்டது, இது தீன் தின்னவில்லை என்று முதலில் கண்டுபிடிக்கிற பராமரிப்புத் தொழிலாளி அடிக்குறிப்பில்கூட இல்லை. கட்டுரையின் கடைசியில் "விலங்குக்கூட ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி இருந்தால் அது நல்ல மனசுள்ள குழு. அந்த எலிக்குள் இருக்கிற இரண்டு வருடம் முதலில் அவர்களுடைய இரண்டு வருடம்.